செருப்பைத் தொடாத தண்டல்

ஈப்போவில் என் மகள் வீட்டில் தினமும் காலையில் நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வட்டமான ஒரு கறுப்புத் தட்டு என் நாற்காலியை நோக்கி ஊர்ந்து வரும். நான் இரண்டு கால்களையும் தூக்கிக்கொள்வேன். அது நாற்காலிக்கு அடியில் புகுந்து, பெருக்கி, துடைத்து, மறுபக்கமாக வெளியேறும். காலை இறக்கினால் தரை சில்லென்று ஈரமாக இருக்கும். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். மன்னார்குடி அலுவலகத்தில் பெருக்க வரும் அம்மாளுக்காக இப்படிக் காலைத் தூக்கியிருக்கிறேன். ஆனால் அப்போது கோப்பிலிருந்து தலை நிமிர்ந்ததில்லை. இங்கே கோப்பு இல்லை. அதனால் நிமிர்ந்து பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

மனைவி போன பிறகு ஒரே மகள் நித்யாவோடு இருக்கலாம் என்று இங்கே வந்தேன். மருமகன் சரவணன் இந்த ஊர்க்காரர். கோயம்புத்தூரில் படிக்க வந்தவர், திரும்பும்போது பட்டத்தோடு என் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீடு வரிசையாக ஒட்டிக் கட்டிய தெராஸ் வீடுகளில் ஒன்று. பின்பக்கம் சுண்ணாம்புக் குன்று ஒன்று திடீரென்று செங்குத்தாக நிற்கிறது. கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலை தூரத்தில் இல்லை. ஆகவே இந்த ஊர்த் தூசி வெள்ளை. எங்கள் ஊரில் தூசி செம்மண் நிறத்தில், யார் வீட்டுக்கு வந்தாலும் தன்னைக் காட்டிக்கொண்டு வரும். இங்கே அது கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளைத் தரை ஓட்டில் படிந்திருந்து, உள்ளங்காலுக்கு மட்டும் சேதி சொல்லும்.

அந்தத் தூசியோடு யுத்தம் செய்துகொண்டிருந்தவர் என் சம்பந்தி அஞ்சலையம்மாள், சரவணனின் தாய். சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ரப்பர்ப் பாலுக்குப் பட்டை சீவிப் பால் மரம் வெட்டி, அந்த மரங்களை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே வேலை செய்து, கடைசியில் தெலுக் இந்தானில் மூத்த மகன் வீட்டில் ஓய்ந்தவர். ஓய்ந்தவர் என்று நான் எழுதுவது மரபுக்காக. அவர் இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, திறந்து மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னதால், அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைக்கும்வரை ஈப்போவில் எங்களோடு தங்க வந்தார். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, மூச்சு வாங்கும் எந்த வேலையும் கூடாது என்று உத்தரவு. சர்க்கரை வியாதிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர்ச் செருப்பு போட வேண்டும் என்பது இன்னோர் உத்தரவு. இரண்டாவதை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

நாங்கள் கண் அயர்ந்தால் துடைப்பச் சத்தம் கேட்கும். ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

"சம்பந்தியம்மா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு வீட்டுல யாரு கூட்டுறா? கேட்டீங்களா?"

"குடுங்க, நான் பெருக்குறேன்."

"நீங்க கூட்டுனா நான் மறுபடி கூட்டணும். அது டபுள் வேலை. போயி பேப்பரு படிங்க, கிராணியண்ணே."

தோட்டத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். நான் அதற்குப் பல படிகள் மேலே இருந்தவன் என்று ஒருமுறை விளக்கினேன். பெரிய கிராணியா என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

அவரைத் துடைப்பத்திலிருந்து பிரிக்கத்தான், தானே ஊர்ந்து பெருக்கித் துடைக்கும் இயந்திரம் வாங்க முடிவானது. சரவணன் கைப்பேசியைத் தடவி அப்போதே ஒன்றை வரவழைக்கப் பார்த்தார். நான் தடுத்தேன். கொள்முதல் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தேவையை வரையறுக்க வேண்டும், பிறகு ஒப்புநோக்கு அறிக்கை, அதன் பிறகுதான் தேர்வு. ஒரு முழுத் தாளில் கோடு போட்டு எழுதினேன். கட்டிலுக்கு அடியில் நுழையுமா? பூஜை அறையின் நிலைப்படி ஏறுமா? சமையலறைக்குப் பின்னால் ஒரு படி கீழே இருக்கும், பாத்திரம் கழுவும் ஈரச் சமையலறையில் தலைகுப்புற விழுமா? மகளின் நீள முடியை விழுங்கித் திணறுமா? கடைசித் தகுதியாக, துடைப்பத்தை நம்பும் ஒரு பெண்மணி இதை நம்புவாரா என்று எழுதி, அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.

பேரங்காடி ஒன்றில் உயர்தர வகைகள் இரண்டை ஓட்டிக் காட்டினார்கள். முதலாவதன் தலையில் சிறிய கோபுரம். அதற்குள் லேசர் ஒன்று சுழன்று நாலா பக்கமும் சுவர்களை அளந்துகொண்டே இருக்கும். அடியில் இரண்டு வட்டத் துணிகள் சுழன்று துடைக்கும், மூலை வந்தால் ஒரு துணி மட்டும் கையை நீட்டுவது போல வெளியே நீண்டு சுவரோரத்தைத் தடவும். இரண்டாவதற்குக் கோபுரம் இல்லை. தட்டையானது, முகத்தில் கேமரா. துணிகளுக்குப் பதில் நீளமான ஓர் உருளை. உருளும்போதே நல்ல தண்ணீரில் நனைந்து, அழுக்குத் தண்ணீரைப் பிழிந்து விட்டுக்கொள்ளும். அதாவது முதலாவது அவ்வப்போது, மின்னேற்றிக்கொள்ளச் சுவரோரம் வைத்திருக்கும் தன் நிலையத்துக்குத் திரும்பிப் போய்த் துணியைச் சுடுநீரில் அலசிக்கொண்டு வரும், இரண்டாவது நடந்துகொண்டே குளிக்கும். இரண்டும் கம்பளத்தைக் கண்டால் நம் பெண்கள் வாய்க்காலைத் தாண்டும்போது புடவையைத் தூக்கிக்கொள்வது போல ஈரமான பாகத்தை மேலே தூக்கிக்கொள்கின்றன. உறிஞ்சும் வலு கோபுரக்காரனுக்கு அதிகம். முடி சிக்காத தூரிகை உருளைக்காரனுக்கு. வேலை முடிந்ததும் இரண்டும் நிலையத்துக்குப் போய் வயிற்றிலுள்ள குப்பையைப் பையில் கொட்டி, துணியையோ உருளையையோ வெந்நீரில் கழுவி, சூடான காற்றில் உலர்த்திக்கொள்கின்றன. இத்தனையும் யாரும் சொல்லாமல். எனக்குக் கீழே வேலை பார்த்த பலரை நினைத்துக்கொண்டேன்.

விற்பனை செய்த சீனப் பெண் பொறுமைசாலி. நான் என் கேள்விகளை ஆங்கிலத்தில் வரிசையாகக் கேட்டேன். கடைசியாக, கைப்பேசியில் இதைப் பதிவு செய்தவர் காலத்துக்குப் பிறகு இந்தக் கணக்கு யார் பெயருக்கு மாறும் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அங்கிள் மசிஹ் சிஹாட்லா" என்று மலாயில் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் இன்னும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தமாம். வாரிசுரிமை பற்றிய ஒரு சாதாரண நிர்வாகக் கேள்விக்கு இப்படி ஒரு கருணையை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் தட்டையான உருளைக்காரனே தேர்வானது. முதல் நாள் அது துடைக்கவில்லை, வீட்டைச் சுற்றி மட்டும் வந்தது. கைப்பேசித் திரையில் எங்கள் வீடு கோடு கோடாக முளைத்தது. சுவர், கதவு, சோபா, கட்டிலின் நான்கு கால்கள். நில அளவையாளர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு வயல் வயலாக நடந்ததையும், ஒரு வரப்பு எந்தப் பக்கம் என்று இரண்டு குடும்பங்கள் தலைமுறையாக மோதிக்கொண்டதையும் பார்த்தவன் நான். இந்தத் தட்டு ஒரு காபி ஆறுவதற்குள் புலப்படம் வரைந்து முடித்து, தகராறு இல்லாமல் வீட்டுக்குப் போய் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. நித்யா அறைகளுக்குப் பெயரிட்டாள். என் அறை கைப்பேசிப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த பெயரைப் பெற்றது. விருந்தினர் அறை. என் கடவுச்சீட்டிலும் ஏறத்தாழ அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது நல்லதுதான்.

அஞ்சலையம்மாள் அதற்குத் தண்டல் என்று பேர் வைத்தார். தோட்டத்தில் ஒவ்வொரு நிரையாகப் போய் வேலையைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளன் பெயர் அது. "தண்டல் வாரான், தண்டல் வாரான்" என்று காலைத் தூக்கிக்கொள்வார். முதல் வாரம் அது போன இடத்திலெல்லாம் பின்னாலேயே போய் விரலால் தரையைத் தடவிப் பார்த்தார். ஒருநாள் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போ லா, நல்லாத்தான் செய்றான்" என்றார். அன்று என் தாளில் காலியாக இருந்த கட்டத்தை நிரப்பினேன். துடைப்பம் கதவுக்குப் பின்னால் போயிற்று.

இயந்திரத்தின் நிர்வாகம் என் பொறுப்பானது. அதன் கையேட்டை முழுவதும் படித்தவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். அதில் ஒரு வசதி இருந்தது. வீட்டிலுள்ளவர்களின் கைப்பேசிகள் எல்லாம் வெளியே போய்விட்டால், வீடு காலி என்று புரிந்துகொண்டு தானாகவே முழு வீட்டையும் பெருக்கித் துடைக்கும். ஒருவர் காலும் ஈரத்தில் படாது. இதைவிடச் சீரான ஒழுங்கு ஏது? நிறைவோடு அதை இயக்கி வைத்தேன்.

ஒருவழியாக அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. முந்தின நாள் காலையில் மருத்துவமனையில் சேர வேண்டும், தாமதமானால் அந்த இடம் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும், மறுபடியும் வரிசையின் கடைசி. அதற்குள் வால்வு என்ன செய்யும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நித்யா வேலையிடத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கு வருவதாகச் சொல்லி முன்னாலேயே போய்விட்டாள். அஞ்சலையம்மாள் சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, வெளிச் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். கையை மடியில் இறுக்கி வைத்திருந்தார். கார் குடியிருப்பைத் தாண்டிப் பெரிய சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, வழக்கமான சரிபார்ப்பாக நான் கேட்டேன்.

"ஐசி எடுத்துக்கிட்டீங்களா, சம்பந்தியம்மா?"

அடையாள அட்டை இல்லாமல் மருத்துவமனையில் சேர்க்க மாட்டார்கள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தலையணை உறைக்குள் பத்திரமாக வைத்தது அங்கேயே இருந்தது. சரவணன் காரைத் திருப்பினார்.

கதவைத் திறந்தோம். கூடம் முழுவதும் ஈரமாக மின்னியது. தண்டல் வாசலுக்கு அருகில், அஞ்சலையம்மாள் சற்றுமுன் நடந்து போன அதே வழியைத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கைப்பேசிகள் வெளியேறிய மறுகணம் வேலையைத் தொடங்கியிருக்கிறது. அது தன் கடமையைச் செய்தது. உத்தரவு போட்டவன் நான்.

நீங்கள் தமிழர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் புறப்பட்டுப் போனால் அவர் பின்னாலேயே வீட்டைப் பெருக்க மாட்டார்கள். துடைப்பது அதைவிட ஆகாது. ஆள் போனதும் உடனே வீட்டைக் கழுவிவிடுவது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். நான் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்க ஜமாபந்திக்கு முகாம் போகும் நாள்களில் என் மனைவி காலையிலேயே பெருக்கி முடித்துவிட்டு, நான் படி இறங்கிய பிறகு தரையில் கடலைத் தோல் கிடந்தாலும் கையால் பொறுக்குவாளே தவிரத் துடைப்பத்தைத் தொடமாட்டாள். இதைப் பல ஆண்டுகள் பார்த்தவன்தான் அந்த வசதியை இயக்கினேன். கையேட்டில் இந்த விதிவிலக்கு இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அஞ்சலையம்மாள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல."

"அம்மா, அது மெஷின்மா. டைம் ஆவுதுலா" என்றார் சரவணன்.

"உங்கப்பாவத் தோட்டத்து லோரியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கி அனுப்பிட்டுத் திரும்புறேன். அடுத்த வீட்டுக்காரி உதவி செய்றேன்னு வீட்ட அலசி விட்டுக்கிட்டு நிக்கிறா. நல்ல மனசுலதான் செஞ்சா. அவரு வந்தாரா?"

அப்போது சரவணன் கைக்குழந்தையாம். பிறகு என்னிடம் நித்யா சொன்னாள்.

நான் என் ஆயுதங்களை எடுத்தேன். புறப்பட்டவர் திரும்பி வந்துவிட்டதால் முதல் புறப்பாடு ரத்தாகிவிட்டது, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் அது புதுப் புறப்பாடு, ஆகவே முதல் துடைப்பு செல்லாது என்று வாதிட்டேன். வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பார்.

"நீங்க கிராணி, எழுதுனத அடிச்சிட்டுத் திருப்பி எழுதுவீங்க. தொடச்சது தொடச்சதுதானேண்ணே?"

கைப்பேசியைத் திறந்து தண்டலை நிறுத்தினேன். அது வேலையை விட்டுவிட்டு நிலையத்துக்கு நகர்ந்தது. திரையில் அன்றைய படம் இருந்தது. துடைத்த இடமெல்லாம் வெள்ளைக் கோடுகள், தொடாத இடம் சாம்பல் நிறம். அவருக்கு எதையாவது காட்டினால் போதும் என்ற நிலையில் அதை நீட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது என் ரூமா?"

"ஆமா."

"வெள்ளக் கோடே இல்ல?"

"உள்ள போகல."

"வாசல்ல என்னமோ படம் போட்டிருக்கே, அது என்னா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவர் அறை வாசலில், குட்டியாக ஒரு ஜோடிச் செருப்பின் படம். சாமி கும்பிடப் போகும்போது அறை வாசலின் நடுவில் அவர் கழற்றி விட்ட வீட்டுச் செருப்பு. நிமிர்ந்து பார்த்தோம். அங்கேதான் கிடந்தது. அதைச் சுற்றிலும் ஈரம், அது கிடந்த இடம் மட்டும் காய்ந்து.

"உங்க செருப்பும்மா."

"யாரு வரைஞ்சா?"

"தண்டல்தான். வழியில எது கிடந்தாலும் என்னன்னு பாத்துப் படம் போட்டு வச்சிக்கும்."

"ஓரமாத் தள்ளி விடலயா?"

"தொடல. செருப்பு கிடக்குதுன்னு ரூமுக்குள்ளயே போகாமத் திரும்பிருச்சு."

அவர் திரையையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். சரவணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போன ஆளு செருப்ப மொதல்ல தூக்கி வெளிய போட்டுருவாங்கண்ணே. அவரு செருப்ப அன்னைக்கே போட்டாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்." எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "இவன் போடலயே. ஆளு வரும்னு விட்டு வச்சிருக்கான்."

பொருள்களைத் தவிர்த்துப் போவது அதன் கேமராவின் வேலை என்பதும், வாசல் அடைபட்டால் எந்த அறைக்குள்ளும் அது போகாது என்பதும் கையேட்டில் உள்ளன. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உட்கார்ந்து குடித்தார். செருப்பு நகராமல் பக்கவாட்டில் காலெடுத்து வைத்து அறைக்குள் போய் அட்டையை எடுத்துக்கொண்டு, அதே போல வெளியே வந்தார். போகிறபோது நிலையத்தின் பக்கம் திரும்பி, "தண்டல், செருப்பப் பாத்துக்க. வாரேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

அவருடைய இருதயத்தைத் திறந்து வால்வை மாற்றினார்கள். அந்த நாள்களில் வீட்டில் செருப்பை யாரும் தொடவில்லை. காலி வீட்டைத் துடைக்கும் வசதியை அன்றே அணைத்துவிட்டேன்; முதல் நாள் தண்டலை ஓடவிடவில்லை. மறுநாளிலிருந்து அது தினமும் காலையில் கூடத்தைச் சுற்றி வந்து, அந்த வாசலில் நின்று, தயங்கி, செருப்பின் ஓரத்தை விரலளவு விட்டுத் துடைத்துவிட்டுத் திரும்பியது. செருப்பைச் சுற்றி வெள்ளைத் தூசி மெல்லிய கரையாகப் படிந்தது. மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும்வரை நான் படத்தைத் திறந்து செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்வை நேரத்தில் அதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரிடம் காட்டினேன். மூக்கில் குழாயோடு, விரலை மட்டும் தூக்கித் திரையில் செருப்பைத் தொட்டார். படிப்பும் பகுத்தறிவும் உள்ள ஆள்தான் நான். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் குட்டிப் படத்தைப் பார்த்து நான் கும்பிடாமல் இருந்ததே பெரிய காரியம்.

அவர் நடந்து வந்து அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்ட மறுநாள் படத்தில் அது இல்லை. தண்டல் அறைக்குள் நுழைந்து, சேர்ந்துபோன தூசியையெல்லாம் ஒரு மூச்சில் வாரிக்கொண்டு போனது. கட்டிலில் சாய்ந்திருந்த அவர், "அந்தா, மூலையில இருக்கு பாரு, கண்ணு தெரியலயா?" என்று அதை விரட்டிக்கொண்டிருந்தார். ஆள் பிழைத்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது.

பிறகு புறப்படுவது என் முறை. ஓய்வூதியர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நேர்காணலில் காட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்தே செய்ய வழி உண்டு, எல்லா வழியும் எனக்குத் தெரியும். ஆனாலும் நேரில் போகிறேன், வீட்டையும் பார்த்தாற்போல் இருக்கும் என்றேன். "பெரட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டார் அஞ்சலையம்மாள். தோட்டத்தில் விடியுமுன் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெயர் பெரட்டு. எத்தனையோ அரசாணைகளில் படித்த விஷயத்தை ஒரு சொல்லில் முடித்துவிட்டார். புறப்படும் நாளில் என் பெட்டியைத் திறந்து பார்த்து, மேலே வைத்திருந்த வீட்டுச் செருப்பை எடுத்தார். என் அறை வாசலின் நடுவில் கொண்டுபோய்ப் போட்டார்.

"அங்க போயி வேற வாங்கிக்குங்க, அண்ணே. இது இங்க கெடக்கட்டும்."

இப்போது மன்னார்குடியில் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுச் செல்வி நான் வருவது தெரிந்து முன்னறையை மட்டும் பெருக்கியிருக்கிறாள். ஈப்போவுக்கு நான் விமானம் ஏறிய அன்று அவள் இந்தத் தரையைத் தொடவில்லையாம், கேட்காமலே சொன்னாள். உள்ளறையில் செம்மண் தூசி. வேறு செருப்பு நான் வாங்கவில்லை. வெறுங்காலோடு நடந்தேன், என் கால் தடம் எனக்குப் பின்னாலேயே வந்தது. கைப்பேசியைத் திறந்தேன். அங்கே விடிந்து வெகுநேரமாகியிருந்தது, தண்டல் வேலையை முடித்துவிட்டது. கூடம், சமையலறை, பூஜை அறை எல்லாம் வெள்ளைக் கோடுகள். விருந்தினர் அறை மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் வாசலில் என் செருப்பு.